மாதவிடாய் உதிரத்தில் நஞ்சு தேடிய காலம்

மாதவிடாயின்போது வெளியேறும் நீர்மத்தில் இரத்தம் பாதிகூட இல்லை. 1985-இல் ஆஸ்திரேலியாவில் இயன் ஃபிரேசர் குழுவினர் அளந்து பார்த்தபோது சராசரியாக 36 சதவீதம்தான் இரத்தம் என்று தெரிந்தது. மீதியில் பெரும்பகுதி கருப்பை உட்சவ்விலிருந்து கசியும் திசுநீர். அதோடு உதிர்ந்த சவ்வின் துணுக்குகளும், கருப்பைவாய்ச் சளியும், யோனிச் சுரப்பும் கலந்திருக்கும். கை நரம்பில் ஊசி குத்தி எடுக்கும் இரத்தத்தில் அரிதாகத் தென்படும் பல பொருள்கள் இந்தக் கலவையில் தாராளமாக உண்டு. அவற்றுள் முக்கியமானவை சைட்டோகைன்கள். நோயெதிர்ப்புச் செல்களும் அவற்றோடு பழகும் மற்றச் செல்களும் ஒன்றையொன்று அழைக்கவும் தூண்டவும் அடக்கவும் வெளியிடும் சிறு புரதங்கள் இவை. இன்டர்லூகின்-6, இன்டர்லூகின்-8, டிஎன்எஃப் என ஆறிவரும் காயம் ஒன்றில் எவையெவை இருக்குமோ அவையெல்லாம் இங்கும் இருக்கின்றன.

இவையெல்லாம் தெரியவந்தது கடந்த சில பத்தாண்டுகளில்தான். அதற்கு முன்னர் ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளாக இந்த உதிரத்தைப் பற்றிப் பெரும்பாலும் கேட்கப்பட்ட கேள்வி ஒன்றே: இதில் என்ன நஞ்சு இருக்கிறது? ஆய்வகமும் நுண்ணோக்கியும் வந்த பிறகும் நெடுநாள் அந்தக் கேள்வி மாறவில்லை. விடை தேடும் கருவிகள் மட்டுமே மாறின.

கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானிய அறிஞர் மூத்த பிளினி எழுதிய 'இயற்கை வரலாறு' என்ற பெருந்தொகுப்பில் மாதவிடாய்ப் பெண்ணின் கேடுகள் நீளமாக அடுக்கப்பட்டுள்ளன. அவள் அருகே போனால் புதுத் திராட்சைமது புளிக்கும், பயிர் கருகும், கண்ணாடி மங்கும், தேனீக்கள் சாகும். மருத்துவர்கள் இவ்வளவு தூரம் போகவில்லை. ஹிப்போகிராட்டஸ் மரபினர் இதை உடலில் தேங்கும் மிகுதியான இரத்தம் வடியும் வழியாகக் கண்டனர். கேலன் அதையே விரித்து, உதிரம் நின்றுபோன பெண்ணுக்கு நரம்பைக் கீறி இரத்தம் எடுக்கச் சொன்னார். அரிஸ்டாட்டிலுக்கோ அது கரு உருவாகும் மூலப்பொருள். இந்திய மருத்துவமும் இந்தக் கடைசிக் கருத்தோடு ஒத்துப்போகிறது. சுசுருத சங்கிதையில் ஆர்த்தவமும் சித்த மருத்துவ நூல்களில் சுரோணிதமும் விந்தோடு சேர்ந்து கருவாகும் பொருள்கள். கருவுக்கு ஆதாரமான பொருளே தீட்டாகவும் எண்ணப்பட்டது. புறநானூற்றின் 299-ஆம் பாடலில் முருகன் கோயிலருகே கலம் தொடாமல் ஒதுங்கி நிற்கும் பெண்கள் உவமையாக வருகிறார்கள். உடலே அந்த உதிரத்தால் ஆனதுதானே என்று சிவவாக்கியர் தீட்டுப் பார்ப்பவர்களைக் கேலி செய்தார். கேலியால் ஒன்றும் மாறவில்லை. ஊறுகாய் ஜாடியைத் தொட்டால் பூஞ்சை பிடிக்கும், கறிவேப்பிலைக் கன்று பட்டுப்போகும் என்ற பேச்சு தமிழ் வீடுகளில் இருபதாம் நூற்றாண்டு முழுக்கக் கேட்டது.

இதைக் கீழைநாட்டு மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிட முடியாது. 1878-இல் லண்டனிலிருந்து வெளிவரும் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' இதழின் கடிதப் பகுதியில் ஒரு விவாதம் நடந்தது. மாதவிடாய்க் காலத்தில் ஒரு பெண் பன்றித்தொடைக்கு உப்புத் தடவிப் பதம்செய்தால் இறைச்சி கெட்டுவிடுமா? எழுதியவர்கள் பட்டம் பெற்ற மருத்துவர்கள். கெட்டுப்போனதைத் தாமே பார்த்ததாகச் சாட்சி சொன்னவர்களும் அவர்களிடையே இருந்தனர்.

நாற்பது ஆண்டுச் சொச்சம் கழித்து அதே நம்பிக்கை ஆய்வுக் கட்டுரையாக மறுபிறப்பு எடுத்தது. எழுதியவர் பேலா ஷிக். ஹங்கேரியில் பிறந்து வியன்னாவில் பணியாற்றிய குழந்தை மருத்துவர். அரைகுறை ஆள் அல்லர். நோயெதிர்ப்பியல் என்ற துறைக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர். 1905-இல் கிளெமென்ஸ் ஃபான் பிர்கேயுடன் சேர்ந்து சீரம் நோயை விவரித்தவர். தொண்டை அடைப்பான் நோய்க்கு ஒருவரிடம் எதிர்ப்புச்சக்தி இருக்கிறதா என்று காண 1913-இல் அவர் வகுத்த தோல் சோதனை உலகெங்கும் அவர் பெயராலேயே வழங்கியது. அப்படிப்பட்டவருக்கு 1919-இல் ஒருநாள் ரோஜாப்பூங்கொத்து ஒன்று வந்தது. தண்ணீரில் வைக்கும்படி பணிப்பெண்ணிடம் கொடுத்தார். மறுநாள் பூக்கள் வாடித் தலைதொங்கிக் கிடந்தன. விசாரித்தபோது, தனக்கு அந்த நாள்களில் எப்போதும் இப்படித்தான் ஆகும், தெரிந்துதான் பூவைத் தொடத் தயங்கினேன் என்ற வகையில் அந்தப் பெண் பதில் சொல்லியிருக்கிறார்.

ஷிக் இதைச் சிரித்துத் தள்ளியிருக்கலாம். சோதனையில் இறங்கினார். மாதவிடாயில் இருந்த பெண்களிடமும் இல்லாத பெண்களிடமும் பூக்களைக் கொடுத்துப் பிடித்துக்கொள்ளச் செய்தார். ஈஸ்ட் கலந்த மாவைப் பிசையவைத்து எந்த மாவு குறைவாக உப்புகிறது என்று பார்த்தார். இரத்தத்தில் மட்டுமன்றி வியர்வையிலும் ஒரு நச்சுப்பொருள் வெளிப்படுகிறது என்று முடிவுகட்டி, 1920-இல் வியன்னாவின் மருத்துவ வார இதழில் 'மாதவிடாய் நஞ்சு' என்ற பொருளுடைய தலைப்பில் கட்டுரை வெளியிட்டார். அந்த நஞ்சுக்கு மெனோடாக்சின் என்ற பெயர் நிலைத்தது. எந்தப் பூ யார் கையில் இருந்தது என்பதைப் பார்ப்பவருக்குத் தெரியாமல் மறைத்து வைத்துச் செய்த சோதனை அல்ல அது. கைச்சூடு, காற்று, பூவின் வயது எதுவும் கணக்கில் வரவில்லை. ஒருசில ஆண்டுகளுக்குள்ளாகவே ஜெர்மனியில் சிலர் அதைத் திரும்பச் செய்து பார்த்து அந்த விளைவு கிடைக்கவில்லை என்றார்கள். அந்த மறுப்பு யார் காதிலும் பெரிதாக விழவில்லை.

அமெரிக்காவில் பால்டிமோர் மருந்தியலாளர் டேவிட் மாக்ட் இந்த வழியைத் தொடர்ந்தார். டோரதி லூபினுடன் சேர்ந்து வெள்ளை லூப்பின் என்ற பயறுவகைச் செடியின் நாற்றுகளை நீர்க்கரைசலில் வளர்த்து, அந்தக் கரைசலில் மாதவிடாய்ப் பெண்களின் சீரம், வியர்வை, உமிழ்நீர் ஆகியவற்றைச் சிறிது கலந்து வேர் எவ்வளவு நீள்கிறது என்று அளந்தார். வேரின் வளர்ச்சி குன்றியது என்பது அவருடைய முடிவு. 1920-களின் மருந்தியல் இதழ்களில் இது கௌரவமான ஆய்வாகவே அச்சேறியது. ஊறுகாய் ஜாடியின் இடத்தில் கண்ணாடிக் குடுவை வந்திருந்தது.

அடுத்த கட்டத்தில் எலிகள் வந்தன. பாஸ்டன் நகரையொட்டிய புரூக்லைனின் பெண்கள் மருத்துவமனையில் பணியாற்றிய ஜார்ஜ் ஸ்மித்தும் உயிர்வேதியியலாளரான அவருடைய மனைவி ஆலிவ் ஸ்மித்தும் 1940-களில் மாதவிடாய் நீர்மத்தை எலிகளுக்கு ஊசி வழியே செலுத்தினார்கள். எலிகள் செத்தன. நச்சுத்தன்மை நீர்மத்தின் ஒரு புரதப் பகுதியோடு ஒட்டியிருப்பதாக அவர்கள் கண்டார்கள். இரத்த உறைவுநாரைக் கரைக்கும் நொதி ஒன்றும் அந்த நீர்மத்தில் இருப்பதைக் காட்டினார்கள். மாதவிடாய் இரத்தம் பொதுவாக உறையாமல் ஒழுகுவதற்கு அதுவே காரணம்: கருப்பைக்குள்ளேயே உறைந்து, அங்கேயே கரைக்கப்பட்டு வெளிவருகிறது. இந்தக் கண்டுபிடிப்பு பிழைத்து நின்றது. நஞ்சைப் பற்றிய விளக்கத்தில் அவர்கள் ஓரிடத்தில் சரியான கதவுக்கு மிக அருகில் வந்துவிட்டார்கள். ஹார்வர்டில் அழற்சியை ஆராய்ந்த வாலி மென்கின், வீங்கிச் சிவந்த திசுவில் கசியும் நீரிலிருந்து நெக்ரோசின் என்று தாம் பெயரிட்ட பொருளைப் பிரித்திருந்தார். மாதவிடாய் நஞ்சு அதைப் போன்றதே என்று ஸ்மித் தம்பதியர் கருதினார்கள். கருப்பைக்குள் நடப்பது ஒரு அழற்சி என்ற எண்ணம் அந்த ஒப்பீட்டிலேயே இருந்தது. அவர்கள் அதைப் பின்தொடரவில்லை, நஞ்சையே பின்தொடர்ந்தார்கள்.

அதன் விலை பெரிது. கர்ப்பகால வலிப்புக்கும் இந்த நஞ்சுக்கும் தொடர்பு இருப்பதாக நம்பிய அவர்கள், கர்ப்பத்தைக் காக்கும் என்று சொல்லி டைஎத்தில்ஸ்டில்பெஸ்ட்ரால் என்ற செயற்கை ஈஸ்ட்ரோஜனைப் பரிந்துரைத்தார்கள். அவர்களுடைய பெயரும் செல்வாக்கும் அந்த மருந்தை அமெரிக்கா எங்கும் கொண்டுசென்றன. 1953-இல் சிகாகோவில் நடந்த பெரிய ஒப்பீட்டு ஆய்வு அதனால் பயனில்லை என்று காட்டியது. அப்போதும் மருந்து நிற்கவில்லை. 1971-இல், அதைச் சாப்பிட்ட தாய்மார்களின் மகள்களுக்கு அரிய வகை யோனிப் புற்றுநோய் வருவது தெரிந்த பிறகே எச்சரிக்கை வந்தது.

நஞ்சுக் கொள்கைக்கு மரண அடி கொடுத்தவர் பெர்ன்ஹார்ட் ஸோண்டெக். கர்ப்பத்தைக் கண்டறியும் முதல் நம்பகமான சிறுநீர்ச் சோதனையை 1920-களின் இறுதியில் பெர்லினில் செல்மார் ஆஷ்ஹைமோடு வகுத்தவர். நாஜிகளால் வேலையிழந்து ஜெருசலேமுக்குப் போனவர். 1953-இல் அவர் கேட்டது எளிய கேள்வி. யோனி வழியே வரும் நீர்மத்தில் பாக்டீரியா இருக்காதா? நுண்ணுயிர்க்கொல்லி கொடுத்த பிறகு அதே நீர்மத்தைச் செலுத்தினால் விலங்குகள் பிழைத்துக்கொண்டன. கொன்றது மாதவிடாய் அல்ல, கிருமி. ஷிக்கின் கட்டுரைக்கும் இதற்கும் இடையே 33 ஆண்டுகள். அப்படியும் நஞ்சு முழுதாகச் சாகவில்லை. 1970-களில்கூட லண்டனின் 'லான்செட்' இதழில் மெனோடாக்சின் உண்டா இல்லையா என்று மருத்துவர்கள் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

இதற்கிடையே வேறொரு பாதையில், கருப்பைக்குள் உண்மையில் என்ன நடக்கிறது என்று நேரில் பார்க்கும் முயற்சிகள் தொடங்கியிருந்தன. 1929-இல் ராச்செஸ்டரில் ஜார்ஜ் கார்னரும் வில்லார்ட் ஆலனும் சினைப்பையின் மஞ்சள் உடலத்திலிருந்து கிடைக்கும் சாறு கர்ப்பத்தைக் காப்பதைக் காட்டினர். அதிலிருந்தே புரோஜெஸ்ட்ரோன் கண்டறியப்பட்டது. கரு தங்காதபோது அந்த ஹார்மோன் சரிகிறது, சவ்வு உதிர்கிறது. ஆனால் ஹார்மோன் குறைந்தால் திசு ஏன் உடைய வேண்டும்? எல்ட்ரிட்ஜ் மார்க்கீ என்ற உடற்கூற்றியலாளர் இதற்காகச் செய்தது அந்தக் காலத்து ஆய்வுகளில் மிக விசித்திரமானது. ரீசஸ் குரங்கின் கருப்பைச் சவ்விலிருந்து சிறு துண்டை வெட்டி, அதே குரங்கின் கண்ணுக்குள், கருவிழிக்கு முன்னுள்ள நீரறையில் ஒட்டவைத்தார். துண்டு அங்கே வேர்பிடித்தது, மாதாமாதம் தடித்தது, கருப்பையில் உதிரும் அதே நாளில் கண்ணிலும் உதிர்ந்தது. கண்ணின் ஒளிபுகும் படலம் வழியே அதை மணிக்கணக்கில் உற்றுப் பார்க்க முடிந்தது. உதிரப்போக்குக்கு முந்தைய நாளில் சுருள் தமனிகள் இறுகிச் சுருங்குவதையும், திசு வெளிறுவதையும், பிறகு தமனி தளர்ந்து இரத்தம் பீறிடுவதையும் அவர் 1940-இல் பதிவுசெய்தார். அன்றைய அமெரிக்க ஆய்வகங்களின் ரீசஸ் குரங்குகள் பெரும்பாலும் வட இந்தியாவில் பிடித்துக் கப்பலேற்றப்பட்டவை. இந்தியா அந்த ஏற்றுமதியை 1978-இல்தான் தடைசெய்தது.

தமனியைச் சுருக்குவது எது? விடையின் முதல் துண்டு ஷெஃபீல்டில் கிடைத்தது. 1957-இல் வெர்னன் பிக்கிள்ஸ், மாதவிடாய் நீர்மத்திலிருந்து பிரித்த சாறு தசையைச் சுருங்கச் செய்வதை 'நேச்சர்' இதழில் தெரிவித்தார். 1960-களில் அவரும் உடனிருந்தோரும் அதை இனங்கண்டார்கள்: புராஸ்டாகிளாண்டின்கள். வயிற்றுவலியால் துடிக்கும் பெண்களிடம் அவை மிகுந்திருந்தன. ஆஸ்பிரின் வகை மருந்துகள் புராஸ்டாகிளாண்டின் உற்பத்தியைத் தடுப்பதை 1971-இல் ஜான் வேன் காட்டியதும் வலிக்கு மருந்து கையில் வந்தது. இன்று தமிழ்நாட்டு மருந்துக்கடைகளில் அந்த நாள்களில் பெண்கள் கேட்டு வாங்கும் மெஃபெனமிக் அமில மாத்திரை வலியைத் தணிப்பதும் இதே வழியில்தான். அதுவரை "மனசுதான் காரணம்" என்று மருத்துவர்களால் திருப்பி அனுப்பப்பட்ட வலிக்கு அளக்கத்தக்க ஒரு வேதிப்பொருள் காரணமாகியது. மருத்துவ வரலாற்றில் இதற்குத் தர வேண்டிய இடம் இன்னும் தரப்படவில்லை.

மாதவிடாய் நீர்மத்தை யாரும் ஒழுங்காக ஆராயாமல் இருந்ததற்கு அருவருப்பு மட்டும் காரணமல்ல. அதைச் சேகரிப்பதே கடினமாக இருந்தது. சுவீடனின் கோதன்பர்க் நகரில் லெய்ஃப் ஹால்பெர்க் குழுவினர் 1960-களில் செய்த வேலை அதற்குச் சாட்சி. பெண்கள் பயன்படுத்திய பஞ்சுகள் அத்தனையையும் வாங்கி, சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறவைத்துப் பிழிந்து, செந்நிறப் பொருளைக் கரையச் செய்து, கரைசலின் நிற அடர்த்தியை ஒளிமானியில் அளந்து, அதே பெண்ணின் கை இரத்தத்தோடு ஒப்பிட்டார்கள். 476 பெண்களிடம் இப்படி அளந்து 1966-இல் வெளியிட்ட முடிவிலிருந்துதான், ஒரு சுழற்சியில் 80 மில்லிலிட்டருக்கு மேல் இரத்தம் போனால் அது மிகைப்போக்கு என்ற வரம்பு வந்தது. இரத்தத்தின் அளவுக்கு இந்த முறை போதும். புரதங்களை ஆராய உதவாது, காரம் அவற்றைச் சிதைத்துவிடும். நீர்மத்தை அப்படியே பிடித்துவைக்கும் சாதனம் முன்பே இருந்தது. அமெரிக்க நடிகை லியோனா சால்மர்ஸ் 1937-இல் ரப்பர் மாதவிடாய்க் கிண்ணத்துக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். அது விற்கவில்லை. சிலிக்கோன் கிண்ணங்கள் புத்தாயிரத்தில் பரவிய பிறகுதான் ஆய்வகங்களுக்குச் சிதையாத மாதிரி தாராளமாகக் கிடைக்கத் தொடங்கியது.

நோயெதிர்ப்பியலும் அதற்குள் வளர்ந்திருந்தது. 1957-இல் ஐசக்ஸும் லிண்டன்மனும் இன்டர்ஃபெரானைக் கண்டனர். 1975-இல் டிஎன்எஃப் விவரிக்கப்பட்டது. வெள்ளணுக்களிடையே தூதுபோகும் புரதங்களுக்கு இன்டர்லூகின் என்ற பொதுப்பெயர் 1979-இல் சுவிட்சர்லாந்தின் எர்மாட்டிங்கனில் கூடிய பயிலரங்கில் முடிவானது. நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்களை இழுத்துவரும் இன்டர்லூகின்-8 1987-இல் பிரித்தெடுக்கப்பட்டது. 1986-இல் இங்கிலாந்தின் காலின் ஃபின் எழுதிய ஒரு மீள்நோக்குக் கட்டுரை இந்த இரண்டு துறைகளையும் முடிச்சுப் போட்டது. மாதவிடாய் ஓர் அழற்சி நிகழ்வு என்றார் அவர். கருப்பைச் சவ்வு சிவந்து, வீங்கி, வெள்ளணுக்கள் குவிந்து, உடைந்து, பிறகு ஆறுகிறது. காயத்திலும் இதே வரிசைதான். ஸ்மித் தம்பதியர் தொட்டுவிட்டு விலகிய இடத்துக்கு நாற்பது ஆண்டு கழித்து ஒருவர் வந்து சேர்ந்தார்.

ஃபின் சொன்னதை மூலக்கூறு மூலக்கூறாக நிறுவியதில் எடின்பரோவின் ராட்னி கெல்லிக்கும் ஹிலரி கிரிச்லிக்கும் பெரும்பங்கு உண்டு. 1990-களில் அவர்கள் குழு காட்டிய சித்திரம் இதுதான். புரோஜெஸ்ட்ரோன் இருக்கும்வரை கருப்பைச் சவ்வின் செல்களில் அழற்சிக்கான மரபணுக்கள் அடங்கிக் கிடக்கின்றன. அது சரிந்ததும் தளை அறுகிறது. புராஸ்டாகிளாண்டின் உண்டாக்கும் நொதி கூடுகிறது. இன்டர்லூகின்-8-உம், மோனோசைட்டுகளை அழைக்கும் எம்சிபி-1-உம் சுரக்கின்றன. நியூட்ரோஃபில்களும் மேக்ரோஃபேஜ்களும் இரத்தக்குழாயிலிருந்து திசுவுக்குள் நுழைகின்றன. மாதவிடாய் நெருங்கும்போது உட்சவ்வின் இணைப்புத் திசுச் செல்களில் ஐந்தில் இரண்டு பங்கு வரை வெள்ளணுக்களாக இருக்கலாம். அடுத்து, திசுவின் சட்டகத்தைக் கத்தரிக்கும் உலோகப்புரத நொதிகள் வேலையைத் தொடங்குகின்றன. பெல்ஜியத்தில் எத்தியென் மார்பே குழுவினர் 1996-இல் கருப்பைச் சவ்வுத் துண்டுகளைத் தட்டில் வைத்து வளர்த்து, ஹார்மோனை நீக்கியதும் அவை தாமே உடைவதையும், இந்த நொதிகளைத் தடுத்தால் உடையாமல் நிற்பதையும் காட்டினர். ஹார்மோன் சரிவது, திசு உடைவது என்ற இந்த இரண்டு கட்டங்களும் ஒரே தன்மையன அல்ல. முதல் கட்டத்தில் புரோஜெஸ்ட்ரோனைத் திரும்பக் கொடுத்தால் எல்லாம் நின்றுவிடும். வெள்ளணுக்கள் வந்திறங்கி நொதிகள் கிளம்பிய பிறகு எந்த ஹார்மோனாலும் நிறுத்த முடியாது.

உடைவதைவிட ஆறுவது வியப்பானது. தோல் கிழிந்தால் தழும்பு மிஞ்சும். கருப்பைச் சவ்வோ வாழ்நாளில் நானூறு முறை வரை உதிர்ந்தும் தழும்பின்றி ஆறுகிறது. சுரண்டல் சிகிச்சையிலோ தொற்றிலோ அடித்தளம் சேதமானால்தான் வடு விழும். 1948-இல் ஜோசப் ஆஷர்மன் விவரித்த நிலை அது. மெல்போர்னில் லோயிஸ் சாலமன்சன் குழுவினர் இந்த ஆற்றல் நீர்மத்திலேயே இருக்கிறதா என்று பார்த்தார்கள். மாதவிடாய் நீர்மத்திலிருந்து செல்களை நீக்கிய தெளிநீரை, தட்டில் வளர்த்த கருப்பைச் செல்கள் மீதும் தோல் செல்கள் மீதும் ஏற்படுத்திய கீறல்களில் விட்டபோது கீறல்கள் வேகமாக மூடின. பன்றியின் தோல் காயத்திலும் புதிய மேற்தோல் நன்கு வளர்ந்தது. 2019-இல் இது வெளியானது. ஷிக் வாடிய ரோஜாவைப் பார்த்து முடிவெழுதி அப்போது 99 ஆண்டுகள்.

இந்த அழற்சி எதற்காக என்ற கேள்வியும் ஒருகாலத்தில் சூடாக இருந்தது. 1993-இல் மார்கி புரொஃபெட், விந்தோடு ஏறிவரும் கிருமிகளைக் கழுவித் தள்ளவே மாதவிடாய் உண்டானது என்றார். செய்தித்தாள்கள் கொண்டாடின. மாலி நாட்டின் தோகோன் மக்களிடையே பல ஆண்டு களப்பணி செய்த பெவர்லி ஸ்ட்ராஸ்மன் 1996-இல் அதை மறுத்தார். சவ்வை எப்போதும் தயார்நிலையில் பேணுவதைவிட உதிர்த்துப் புதுப்பிப்பதே உடலுக்குச் செலவு குறைவு என்பது அவர் வாதம். தொடர்ந்து கர்ப்பமும் பாலூட்டலுமாக வாழும் தோகோன் பெண்ணுக்கு வாழ்நாளில் நூற்றுச் சொச்சம் மாதவிடாய்கள்தான் வருகின்றன என்ற அவருடைய கணக்கு, கொள்கைச் சண்டையைவிட நீண்டு நிலைத்தது.

சைட்டோகைன்களின் வரலாறு நேராக வந்து முட்டும் நோய் எண்டோமெட்ரியோசிஸ்: கருப்பை உட்சவ்வு போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்வது. நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனியில் அறுவை மருத்துவராக இருந்த ஜான் சாம்ப்சன், மாதவிடாய் நீர்மம் கருக்குழாய் வழியே பின்னோக்கிப் போய் வயிற்றறையில் விழுந்து, அதிலுள்ள உயிருள்ள சவ்வுத் துணுக்குகள் அங்கே ஒட்டி வளர்வதே காரணம் என்று 1927-இல் வாதிட்டார். 1984-இல் ஜோகோ ஹால்மே குழுவினர் பார்த்தபோது, கருக்குழாய் திறந்திருந்த பெண்களில் 90 சதவீதத்தினரின் வயிற்றறை நீரில் அந்த நாள்களில் இரத்தம் இருந்தது. நோய் வருவதோ ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு. எல்லோருக்கும் பின்னோக்கிப் போகிறது, சிலரிடம் மட்டும் வேர்பிடிக்கிறது என்றால் வேறுபாடு துப்புரவுப் பணியில் இருக்க வேண்டும். 1991-இல் பெல்ஜியத்தின் லூவனிலிருந்து வந்த ஆய்வு, நோயுள்ள பெண்களின் வயிற்றறையில் இயற்கைக் கொல்லிச் செல்களின் வீரியம் குறைந்திருப்பதாகச் சொன்னது. நோயெதிர்ப்பு மூலக்கூறுகளை வயிற்றறை நீரில் தேடும் ஆய்வுகள் அதன்பின் பெருகின. அந்த நீரை எடுக்க வயிற்றைத் துளைக்க வேண்டும். மாதந்தோறும் தானாக வெளியே வரும் நீர்மத்தைப் பார்க்கலாமே என்ற எண்ணம் இன்னும் இருபது ஆண்டு கழித்தே பரவலாக எழுந்தது.

நீர்மத்தின் புரதங்களை முழுமையாகப் பட்டியலிட்ட முதல் பெரிய முயற்சிகூட மகளிர் மருத்துவத்திலிருந்து வரவில்லை. 2012-இல் அதைச் செய்தவர்கள் நியூயார்க் நகரத் தலைமை மருத்துவப் பரிசோதகர் அலுவலகத்தின் தடய அறிவியலாளர்கள். குற்றம் நடந்த இடத்தில் கிடக்கும் கறை காயத்தின் இரத்தமா, மாதவிடாய் இரத்தமா என்று பிரித்தறிவது அவர்களின் தேவை. 1,061 புரதங்கள் கிடைத்தன. அவற்றில் 385 கை இரத்தத்திலோ யோனி நீர்மத்திலோ காணப்படாதவை. 2014-இல் நெதர்லாந்தின் நைமேகனில் ரெனாட்டே வான் டெர் மோலன் குழுவினர், மாதவிடாய் இரத்தத்திலுள்ள வெள்ளணுக்களின் கலவை கை இரத்தத்தை ஒத்ததல்ல, கருப்பைத் திசுவை ஒத்தது என்று காட்டினர். கருப்பையின் நோயெதிர்ப்பு நிலையை அறியத் திசுவைக் கிள்ளி எடுக்க வேண்டியதில்லை என்பது அதன் நடைமுறைப் பொருள். நியூயார்க் லாங் ஐலண்டின் ஃபைன்ஸ்டைன் நிறுவனத்தில் கிறிஸ்டின் மெட்ஸும் பீட்டர் கிரிகர்சனும் 2018-இல் வெளியிட்ட ஆய்வு இந்த வழியில் எண்டோமெட்ரியோசிஸைத் தொட்டது. நோயுள்ள பெண்களின் மாதவிடாய் நீர்மத்தில் கருப்பைக்குரிய இயற்கைக் கொல்லிச் செல்கள் குறைவாக இருந்தன. அதிலிருந்து வளர்த்த இணைப்புத் திசுச் செல்கள், கருவை ஏற்கத் தயாராகும்போது சுரக்க வேண்டிய ஒரு புரதத்தைப் போதிய அளவு சுரக்கவில்லை.

இதே காலத்தில் வணிகமும் நுழைந்தது. 2007-இல் மாதவிடாய் இரத்தத்தில் குருத்தணுக்கள் இருப்பது தெரிந்ததும், அதை உறையவைத்துச் சேமிக்கும் சேவை அமெரிக்காவில் தொடங்கியது. சில ஆண்டுகளில் சென்னையின் லைஃப்செல் நிறுவனமும் அதை இந்தியாவில் அறிமுகப்படுத்தியது. நிறுவப்படாத சிகிச்சைகளை நம்பிப் பணம் கட்டச் சொல்லும் சேமிப்பு வங்கிகளைப் பற்றி மருத்துவர்கள் எழுப்பிய ஐயங்கள் நியாயமானவை. இந்தச் செல்களின் சிகிச்சைப் பயன் பெரும்பாலும் இன்றும் ஆய்வு நிலையில்தான் இருக்கிறது.

நோயெதிர்ப்புக்கும் மாதவிடாய்க்கும் உள்ள உறவைப் பொதுமக்கள் நேரடியாகப் பேசத் தொடங்கியது கொரோனாத் தடுப்பூசியின்போது. ஊசிக்குப் பின் தேதி தள்ளிப்போனது, போக்கு கூடியது என்று பெண்கள் சொன்னபோது பதில் சொல்ல யாரிடமும் தரவு இல்லை. தடுப்பூசிச் சோதனைகளில் அந்தக் கேள்வியே கேட்கப்படவில்லை. 1913-இலேயே நியூயார்க்கில் டைஃபாய்டு தடுப்பூசி போட்டுக்கொண்ட பெண்களிடம் இதே மாற்றங்கள் கவனிக்கப்பட்டு மருத்துவ இதழில் அச்சாகியிருந்தன, யாரும் தொடரவில்லை. 2022-இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தின் அலிசன் எடல்மன் குழுவினர் சுழற்சியைப் பதிவுசெய்யும் செயலியின் தரவைக் கொண்டு, சுழற்சி சராசரியாக ஒரு நாளுக்கும் குறைவாகவே நீள்கிறது, பிறகு பழைய நிலைக்குத் திரும்புகிறது என்று காட்டினர்.

2024 ஜனவரியில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், மாதவிடாய் இரத்தத்தில் நீரிழிவுக்கான எச்பிஏ1சி அளவைப் பார்க்கும் ஒரு நாப்கினுக்கு ஒப்புதல் தந்தது. உலர்ந்த துண்டை உருவி ஆய்வகத்துக்கு அனுப்பினால் போதும். 2025-இல் சூரிச் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தினர் அழற்சியைக் காட்டும் சிஆர்பி உள்ளிட்ட மூன்று புரதங்களை நாப்கினிலேயே நிறமாற்றத்தால் காட்டும் பட்டையைச் செய்தார்கள். சைட்டோகைன்களுக்கு அப்படி ஒரு சோதனை இன்னும் மருத்துவமனைக்கு வரவில்லை. தடைகள் நடைமுறை சார்ந்தவை. முதல் நாள் நீர்மமும் மூன்றாம் நாள் நீர்மமும் ஒன்றல்ல. கிண்ணத்தில் நான்கு மணி நேரம் உடற்சூட்டில் கிடந்த மாதிரியில் நொதிகள் புரதங்களைக் கத்தரித்துக்கொண்டே இருக்கும். கருத்தடை மாத்திரை, கருப்பைக்குள் வைக்கும் சாதனம், வலிக்குப் போட்ட மாத்திரை ஒவ்வொன்றும் எண்களை மாற்றும். நலமான பெண்ணின் மாதவிடாய் நீர்மத்தில் இன்டர்லூகின்-8 எவ்வளவு இருக்க வேண்டும் என்பதற்கு, இரத்தச் சர்க்கரைக்கு இருப்பதைப் போன்ற ஏற்கப்பட்ட அளவுகோல் இல்லை. எண்டோமெட்ரியோசிஸை உறுதிசெய்ய வயிற்றுத் துளை அறுவை கட்டாயமில்லை என்று ஐரோப்பிய மனித இனப்பெருக்கச் சங்கம் 2022-இல் வழிகாட்டியது. ஸ்கேன் பார்த்தும் அறிகுறிகளைக் கொண்டும் சிகிச்சையைத் தொடங்கலாம் என்றது. இரத்தத்திலோ மாதவிடாய் நீர்மத்திலோ உள்ள குறியீட்டுப் பொருள்களை வைத்து நோயை முடிவுசெய்ய வேண்டாம் என்றும் அதே வழிகாட்டி சொல்கிறது.